நான் எழுதாமல் விட்ட பெயர்

கிண்ணியா
18.05.2025

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் நம் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். ஜுமானாவுக்கு இருமல் விட்டுவிட்டது. தினமும் போனில் கதைக்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் எடுத்தால் உங்கள் ராத்தா சுபைதா மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் இருக்கும்போது சொல்ல ஏலாத விஷயம் இது. லீவில் வந்த இக்ராம் நாளை கத்தாருக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

தேர்தலன்று வாக்குப் போட முடியாமல் திரும்பி வந்ததை சுபைதா மதினி உங்களிடம் சொல்லி அழுதார். அது எப்படி நடந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன வருடம் கிராம சேவகர் மஜீத் சேர் வாக்காளர் படிவம் கொண்டுவந்து தந்தார். மதினி தன் மாப்பிள்ளை மௌத்தாகித் தனியான பிறகு மூதூரை விட்டு நம் வீட்டுக்கு வந்து அப்போது நாலு மாதம். அங்கே குடியிருப்பு இல்லை என்று மூதூர் வாக்காளர் இடாப்பிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தி, "இந்த அட்ரஸில பேரைப் பதிஞ்சா நாளைக்கு வீட்டில பங்கு கேப்பா, கவனம்" என்றாள். அந்த வாரம் குசினியில் எனக்கும் மதினிக்கும் வாய்த்தர்க்கம் வேறு. கத்தாரில் இருக்கும் உங்கள் பெயரை எழுதினேன். வீட்டில் இருக்கும் அவர் பெயரை எழுதவில்லை. பிறகு இடாப்பைப் பார்வைக்கு வைத்தார்கள். திருத்தியிருக்கலாம். நான் போகவில்லை.

தேர்தல் வந்தது. நம் இருவருக்கும் வாக்காளர் அட்டை வந்தது, அவருக்கு வரவில்லை. "அட்டை இல்லாட்டி என்ன, ஐடி இருந்தாக் காணும்" என்று நல்ல சாரி உடுத்து எனக்கு முன்னால் நடந்தார். பள்ளிக்கூடத்தில் அலுவலர் இரண்டு தரம் தேடிவிட்டு, "உங்கட பேர் இடாப்பில இல்லம்மா" என்றார். மதினி அடையாள அட்டையை நீட்டி, "இது நான்தானே? முகத்தைப் பாருங்க" என்று கேட்டுக்கொண்டே நின்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, "நீ ஏன் புள்ள அழுறாய், இது உன்ட பிழையா?" என்றார்.

மச்சான், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

கட்சிக்காரர் சொல்லித்தான் மஜீத் சேர் மூதூரிலிருந்து வந்தவர்களின் பெயர்களை வெட்டினார், இது மோசடி என்று ஊரெல்லாம் கதை பரவியது. மனு எழுதினார்கள். மதினி முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார். பேனையை என்னிடம் நீட்டினார். நானும் வைத்தேன்.

இப்போது மஜீத் சேருக்கு விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. நேற்று மதினி சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர் வந்தார். நான் நிரப்பிய படிவத்தை மேசையில் வைத்தார். என்னை ஏசவில்லை. "வியாழக்கிழமை இதை நான் காட்டத்தான் வேணும் தங்கச்சி. அதுக்கு முந்தி நீங்களே வீட்டில சொல்லிருங்க" என்றார். நான் கொடுத்த தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் எழும்பிப் போனார் என்று எழுத வந்தேன். இல்லை, தேத்தண்ணி கொடுக்கவே எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை மதினியிடம் சொல்லப்போகிறேன். வியாழன் நானும் போய், பிழை என்னுடையது என்று எழுதிக் கொடுப்பேன். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இருக்கிறது. ஆனால் மதினியின் முகத்தைப் பார்க்கத்தான் அதைவிடப் பயம்.

கேட்டதும் அவர் உங்களுக்குத்தான் போன் எடுப்பார். எனக்காக ஒரு சொல்லும் கதைக்க வேண்டாம். என்னை ஏசினால் கேட்டுக்கொண்டிருங்கள். உடுப்பைக் கட்டிக்கொண்டு மூதூருக்குப் போகிறேன் என்று சொன்னால் மட்டும், "ராத்தா, நம்மட வீடு உங்கட வீடும்தான்" என்று சொல்லி நிறுத்துங்கள். நான் சொன்னால் இனி அவர் நம்பமாட்டார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் உங்களைக் காப்பாற்றட்டும், என்னை மன்னிக்கட்டும்.

உங்கள்
ரிப்கா