நீல மீனுக்கும் ஒரு பெயர்

அன்பின் விக்ரோரியாவுக்கு,

நீரும் மகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் இங்கே எஸ்பியர்க் நகரில் நல்ல சுகம். விரலில் மட்டும் சின்னக் கட்டு.

என் அறையில் வைத்த கடல்நீர் மீன்தொட்டியில், தண்ணீரைச் சுத்தமாக்கும் நல்ல கிருமி வளர இறாலை அழுகவிட்டு, ஆறு கிழமை காத்திருந்து, முதலில் நீல மீனை விட்டேன். தொட்டி முழுவதையும் அது தனதாக்கிவிட்டது. நேற்று, மகள் வீடியோவில் பெயர் வைத்த செம்மஞ்சள் மீனை விட்டதும், செட்டையைக் கிழித்து, கண்ணைத் தோண்டிக் கொன்றது.

“சண்டைக்காரனைக் கடைசியா விடு எண்டெல்லே சொன்னனான்!” என்று கூட வேலைசெய்யும் செல்வரட்ணம் அண்ணை ஏசினார்.

ஆத்திரத்தில் தொட்டிக்குள் கையை விட்டு நீல மீனைத் துரத்தினேன். கல் விரலைக் கிழித்துத் தண்ணீர் சிவந்தது. வலையில் அள்ளி, நிலத்தில் அடிக்க ஓங்கியும்விட்டேன். பிறகு திரும்பத் தண்ணீரிலேயே விட்டேன். வேலையால் வந்து கதவைத் திறந்தால் ஓடிவர இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

விசாவுக்கு உம்முடைய படம் இரண்டு அனுப்பும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மகள் கேட்டால், செம்மஞ்சள் மீன் கல்லுக்குள் நித்திரை என்று சொல்லும். நீல மீனுக்கும் ஒரு பெயர் வைக்கச் சொல்லும்.

உமது,
அருள்தாசன்