சிகாகோ மேட்டூர், லண்டன் கல்லணை

என் கமலாவுக்கு,

முதலில் ஒரு மானக்கேடு. உன்னை ஐஸ் பெட்டியில் கிடத்தி, கூடம் நிறைய ஜனம். நம் தேவி வரும் விமானம் எங்கே என்று போனில் பார்க்கக் கண்ணாடியைத் தேடினேன். "ஏ கமலா, என் கண்ணாடிய எங்க வெச்ச?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். அழுதுகொண்டிருந்த உன் அண்ணி அப்படியே நிறுத்திவிட்டாள். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நீ இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

மகள் வேலைக்குப் போனபோது, சிகாகோ எவ்வளவு தூரம் என்று கேட்டாய். ஒன்பதாவதோடு நின்றவன், விழித்தேன். "தண்ணிக் கணக்குல சொல்லுங்க" என்றாய். அது எனக்கு வரும். சிகாகோ மேட்டூர். லண்டன் கல்லணை. சென்னை கும்பகோணம். திருச்சியில் இறங்கிவிட்டால் நம்ம வாய்க்கால் மதகு. "தண்ணி வர ஒரு வாரம் ஆவுது, இவ ஒரே நாள்ல வந்துடுறாளே!" என்று அதிசயப்படுவாய்.

தை மாதம், அறுவடை நேரம். ஆஸ்பத்திரியில் உன்னை "வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க" என்றார்கள். தேவிக்குப் போன் போட்டேன். "இப்பவே கிளம்புறேம்ப்பா" என்றாள்.

கண் திறக்கும்போதெல்லாம் நீ கேட்டது அது ஒன்றுதான்.

"எங்க வர்றா?"

"கல்லணை வந்துட்டா."

சாயங்காலம் மறுபடி கேட்டாய். "கும்பகோணம் தாண்டிட்டா" என்றேன். விடிந்தபோது உனக்கு மூச்சு இழுத்தது. "மதகுக்கு வந்துட்டா, கமலா."

"வெந்நீர் போடுங்க. குளிச்சிட்டுச் சாப்பிடட்டும்."

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்தேன். நீ இல்லை. உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. யார் இறக்கினார்களோ தெரியாது.

மறுநாள் உன் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "மாப்ளே, தெருவுல ஒரு வீட்லயும் உலை வைக்கலை. இன்னும் எவ்வளவு நேரம்?"

"மக வரட்டும்."

வந்தாள். பெட்டியின் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அம்மா என்னைக் கேட்டாங்களாப்பா?"

"கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ வந்துகிட்டிருக்கேன்னு சொன்னேன்."

என்னையே பார்த்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அவள் உன் மகள்.

ஆனி பிறந்து, நேற்று நம் மதகுக்குப் புதுத் தண்ணீர் வந்தது. எல்லாரும் பூப்போட்டார்கள். நான் போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

தேவி லீவுக்கு வருகிறாள். அவள் வாசல் மிதிக்கும்போது வெந்நீர் காய்ந்திருக்கும், அது என் பொறுப்பு. கண்ணாடியையும் இனிமேல் முதலில் சட்டைப் பையில் தேடுகிறேன்.

உன்னிடம் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று உண்டு. நீ வெந்நீர் போடச் சொன்ன நேரத்தில் சிகாகோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. விமானம் கிளம்பவே இல்லை. மேட்டூரில் இன்னும் ஷட்டரே தூக்கவில்லை, கமலா.

உன்,
தேவி அப்பா