பாதியில் நிறுத்திய மாத்திரை

கிள்ளான்

அன்பு மகள் நடாலிக்கு, அப்பா எழுதுவது. ஸ்காட்லாந்து குளிரிலும் ஆண்டவர் உன்னைச் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அம்மா திங்கட்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பதறாதே, காய்ச்சல் இறங்கி வருகிறது. போனில் சொன்னால் அந்த நிமிடமே டிக்கெட் போட்டுவிடுவாய், அதனால்தான் கடிதம். அண்ணன் மார்வின் வேலை முடிந்ததும் ரவாங்கிலிருந்து ரயில் பிடித்துக் கஞ்சி கொண்டுவருகிறான், உப்பில்லை என்று அம்மா குறை சொல்லிக்கொண்டே குடிக்கிறாள்.

போன மாதம் அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கிருமி தொற்றி, கிளினிக்கில் ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை வீணாக்குவானேன் என்று வயிற்றுப்போக்கில் கிடந்த பக்கத்து வீட்டுப் புனிதாவுக்குக் கொடுத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு நம் கேக் போய், தீபாவளிக்கு அவர்கள் முறுக்கு வருகிற மாதிரி நம் தாமான் குடியிருப்பில் மாத்திரையும் வேலி தாண்டும், உனக்குத் தெரியாததா. புனிதா எழுந்து நடமாடுகிறாள், அம்மாவுக்குத்தான் காய்ச்சல் குளிரோடு திரும்பி வந்தது.

டாக்டர் பெண் அந்த மாத்திரையின் வேலையைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அது குறிவைப்பது நீ அங்கே ஆராய்கிற அதே டிஎன்ஏ முறுக்கை. நான் புரிந்துகொண்டது சரியா பார். கிருமியின் டிஎன்ஏ ஒரு வளையம், கிருமியைவிடப் பல நூறு மடங்கு நீளம். வளையத்துக்கு நுனி கிடையாது, ஏற்றிய முறுக்கு வெளியேற வழியில்லாமல் அது தன்மேல் தானே சுருண்டு சின்னதாகிவிடும், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்து ரப்பர் பேண்டை முறுக்கி வீடியோவில் காட்டினாயே, அப்படி. தூரத்தில் இருந்த பகுதிகள் பக்கத்தில் வந்துவிடும். டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பின்னியிருக்கும் திசைக்கு எதிராக முறுக்குவதால் பின்னல் லேசாகத் தளர்ந்து, வளைவதும் பிரிவதும் சுலபமாகிறது. அந்த முறுக்கை ஏற்றுகிற நொதியை மாத்திரை நடுவேலையில் பிடித்துவிடும், கிருமி பெருக முடியாமல் செத்துப்போகும். பாதியில் விட்டதில் தப்பிப் பிழைத்தவை இப்போது அந்த மாத்திரைக்கு அடங்குவதில்லை என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. அதனால் வேறு ஊசி போடுகிறார்கள்.

இதைக் கேட்டதும் அம்மா, நடாலிகிட்ட சொல்லாதீங்க லா, புள்ள வீடியோவுல அத காட்டுனப்ப நான் வடை சுட்டுக்கிட்டே காதுல வாங்காம விட்டுட்டேன், தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடும் என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீ பேசும்போது திட்டாதே. குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

இந்த ஊசிக்கும் கிருமி அடங்காவிட்டால் அடுத்து என்ன என்று டாக்டரிடம் கேட்டேன். இன்னும் ஒன்னு ரெண்டு மருந்து இருக்கு அங்கிள், அதுக்கு மேல யாராச்சும் புதுசா கண்டுபிடிச்சாத்தான் உண்டு என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது, நடாலி. போன வாரம் நீ, இந்த ஆராய்ச்சி யாருக்கு ஆகப்போகிறது, விட்டுவிட்டு இங்கே பங்சாரில் ஆபீஸ் வேலைக்கு வந்துவிடுகிறேன் என்றாய். யாருக்கு என்று இப்போது தெரியும், ஜன்னலோரக் கட்டிலில் தூங்குகிறாள்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவைக் கூப்பிடு, மறக்காதே.

உன் அப்பா,
கபிரியேல்