சலித்துக்கொள்ளாத குரல்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முக்கால் நலம் என்று வைத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் முழு நலமாக இருந்தால் மீதிக் காலை நாங்கள் சமாளித்துக்கொள்வோம். போன் இருக்கும்போது அம்மா ஏன் தாளும் தபாலுமாகக் கிளம்பிவிட்டாள் என்று நினைப்பாய். அப்பாவுக்குச் சௌகரியம் என்று இரண்டு போனையும் வாய் திறந்து பேசுகிற மாதிரி வைத்துவிட்டுப் போனவள் நீ. நான் உனக்கு ஒரு வரி தட்டினால் அது வீடு முழுக்க ஒலிபரப்பாகிறது. என் கோழிக் கிறுக்கலை மட்டும் எந்த ஆப்பும் இதுவரை வாசித்ததில்லை, அவர் பலமுறை காட்டிப் பார்த்துத் தோற்றுவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தை வாசித்துச் சொல்லும் அந்த ஆப்புக்கு அப்பாவுக்காக நீ கட்டிவந்த சந்தாவை நிறுத்திவிட்டாய். தப்பு உன்மேல் இல்லை. "இலவசமாவே ஒண்ணு கிடைச்சிருக்கும்மா, அதுவே போதும், நீ வீணா கட்டாத" என்று அவரே உன்னிடம் சொன்னதைப் பக்கத்தில் இருந்து நானும் கேட்டேன், நம்பினேன். மாப்பிள்ளைக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று நீ சொன்னது அவருக்கு முள்ளாகத் தைத்திருக்கிறது. அதே சமயம் பார்த்து ஆப்காரனும் சந்தாவை இரண்டு மடங்காக்கினான். அவன் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை, நானும் வியாபாரிதான். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் வெள்ளை நூலுக்கு நான் விலை குறைப்பேனா? வேறு வழியில்லாத ஆள் வாசலில் நிற்கிறான் என்று தெரிந்தால் விலை தானாக நிமிர்ந்து உட்காரும். ஆனால் நூல் வாங்க முடியாவிட்டால் கிழிசலோடு நடக்கலாம், எழுத்து இல்லாமல் எப்படி நடப்பது? கண் தெரிகிறவன் தெருவில் போகிறபோக்கில் சும்மா வாசிப்பதை இவர் மாதாமாதம் வாடகை கட்டி வாசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த இலவச ஆப் இருக்கிறதே, அது கடையில் கொடுக்கும் சாம்பிள் பாக்கெட் மாதிரி. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வாசிக்கும், நடுநடுவே விளம்பரம் கத்தும், பிறகு காசு கட்டு, இல்லையென்றால் நாளைக்கு வா என்று கையை விரித்துவிடும். காலையில் செய்தித்தாளில் அரைப் பக்கம் கேட்டு, மாத்திரை அட்டையைக் காட்டி முடிப்பதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். இதை அவர் என்னிடம் மூச்சு விடவில்லை. நம் கடையில் பட்டன், ஜிப் எல்லாம் என் பக்கம், நூல் முழுக்க அவர் பக்கம் என்பது உனக்குத் தெரியும். நூல்கண்டின் அடியில் ஒட்டியிருக்கும் சின்ன வட்டத்தில் நிறத்தின் எண் இருக்கும், போன் அந்த எண்ணைச் சொல்லும், கேட்டவர் சொன்ன எண்ணும் அதுவும் ஒத்துப்போனால் எடுத்துக் கொடுப்பார். இப்போது என்ன செய்திருக்கிறார் என்றால், வாசிக்காத போனை ஒப்புக்குக் காட்டிவிட்டு, காதில் வைத்துக் கேட்கிற மாதிரி தலையை வேறு ஆட்டிவிட்டு, எந்தத் தட்டில் எது என்ற ஞாபகத்திலேயே கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். போன வாரம் கடைப் பெண் தட்டுகளைத் துடைத்தபோது இரண்டு பெட்டிகளை இடம் மாற்றி வைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

மாட்டியது கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கவிட்டிருக்கும் தையல்காரர், சின்ன வயதில் நாடா மாமா என்பாயே, அவர். காவலாளிகளுக்கான சீருடை. சாம்பல் நூலுக்குப் பதில் நீலச் சாம்பல். குழல் விளக்கில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், அத்தனை சட்டையும் தைத்து வெயிலில் விரித்தபோது தையல் தனியாகப் பல்லைக் காட்டியிருக்கிறது. சட்டைகளை அள்ளிவந்து மேஜைமேல் கொட்டினார். "அக்கா, அண்ணன உக்கார வச்சு அழகு பாக்குறது உங்க இஷ்டம், என் பொழப்பையும் ஏன் சேத்துத் தைக்கிறீங்க" என்றார். கடை நிறைய ஆட்கள். நானும் விடவில்லை, "மெஷின்ல நூலக் கோக்கும்போது உங்க கண்ணு என்ன ஊருக்குப் போயிருந்துச்சா" என்று கேட்டுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பிரித்துத் தைக்கும் கூலியை ஏற்றுக்கொண்டு அவரை அனுப்பிவிட்டேன், அது பெரிதில்லை. உன் அப்பா எழுந்து, தடவித் தடவி அந்த இரண்டு பெட்டிகளையும் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "நாளையிலேருந்து நான் வரல" என்றார். அன்றிலிருந்து அவர் நாற்காலியில் ஜிப் மூட்டை உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியாபாரத்தில் புத்தி போவதில்லை.

பகலெல்லாம் அவர் இல்லாத கடை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் முழங்கால் என்னோடு பேசுவதில்லை. அவர் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார், வங்கிக் கடிதம், மருந்துச் சீட்டு, செய்தித்தாள். அலுப்பில் இரண்டு வரி தாண்டினால் "நடுவுல எதையோ முழுங்கிட்ட" என்று பிடித்துவிடுகிறார். முந்தாநாள் சொன்னார், "அந்த ஆப் சலிச்சுக்காமப் படிக்கும், நீ வரிக்கு ஒரு பெருமூச்சு விடுற." கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், சாதாரணமாகச் சொன்னார், அதுதான் குத்தியது. உள்ளதைச் சொல்கிறேன் கண்ணு, எனக்குச் சலித்துத்தான் போயிருக்கிறது. அவர்மேல் இல்லை. பெண்டாட்டியாக எத்தனை காலமும் இருந்துவிடலாம், கண்ணாகவும் இரு என்றால் இமை மூட நேரமில்லை.

அதனால் இன்று மத்தியானம் போன் கடைக்காரரிடம் போய் ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டேன். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பான் என்று கேட்டதற்கு, "அக்கா, அந்தப் பக்கம் ஆளே கிடையாது, யாருகிட்ட பேரம் பேசுவீங்க" என்று சிரிக்கிறார். பேரம் பேசாமல் நான் வாங்கிய முதல் சரக்கு இதுதான். கடைச் செலவில், வாடகைக்கும் மின்சாரத்துக்கும் கீழே எழுதிவிட்டேன். வியாபாரிக்குத் தராசு வாங்கினால் அதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை, இதுவும் அப்படித்தான். நீ பணம் அனுப்பாதே, அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். அப்பாவிடமும் எதையும் கேட்காதே. அவர் போதும் என்றால் பாதி என்று எடுத்துக்கொள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேலை குறைந்த ஆண்பிள்ளை வீட்டில் சுருக்கென்று பேசுவார், மாப்பிள்ளையிடம் நீ பதிலுக்குப் பதில் நிற்காதே. வேறு வேலை கையில் கிடைக்காமல், இருக்கிற வேலையை விட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். குழந்தையைத் திரையருகே போய் உட்கார விடாதே.

இதுவரை நேற்று எழுதியது. ராத்திரி போனை அவர் கையில் கொடுத்து, பழைய ஆப் வந்துவிட்டது, சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் கூடத்தில் ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிறவளைப் போல, முழங்கால் என்னோடு பேசுவதில்லை என்கிறது. மேஜைமேல் கைக்குக் கிடைத்த முதல் தாள் என் கடிதம். இப்போது கையெழுத்தையும் வாசிக்குமாம், விலையை ஏற்றிய பாவி அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறான். ஈரத் தலையோடு கதவருகே நின்றேன். சில இடங்களில் தட்டுத் தடுமாறியது, ஆனால் எதையும் முழுங்கவில்லை. கடைசி வரைக்கும் ஓடவிட்டுக் கேட்டார். அடுத்தவர் கடிதத்தைக் கேட்பது தப்பில்லையா என்றேன். "கடைச் செலவுல வாங்குன சரக்கு, சோதிக்கச் சொன்னதே நீதான" என்றார். தாளை மடித்து என்னிடம் நீட்டி, "நீ படிச்சா பெருமூச்சு மட்டும்தான் காதுல விழும், இது படிச்சப்பதான் நீ சொல்றது கேட்டுச்சு" என்றார்.

காலையில் எழுந்தால் ஆணியில் கடைச் சாவி இல்லை. நம் தெரு வழியாகப் போகும் கடைப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்த் திறந்துவிட்டாராம், நாற்காலியில் இருக்கும் ஜிப் மூட்டையை எங்கே வைக்கட்டும் என்று போன் செய்து கேட்கிறார். வெயில் ஏறியும் வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் இதை முடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் இருவர் ஆசியும். பதில் எழுதினால் வரிக்கு வரி இடம் விட்டு, எழுத்தைப் பெரிதாகப் போட்டு எழுது, முதலில் வாசிக்கப்போவது நான் இல்லை.

இப்படிக்கு,
இன்று மத்தியானம் வரை விடுப்பில் இருக்கும்
உன் அம்மா