புள்ளி விழுந்த கிட்னி

நவம்பர் 4

மழை விட்டபாடில்லை. முடிச்சூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். மாடுகளைப் பரிசோதிக்க இறைச்சிக் கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

மாட்டை அறுத்துக்கொண்டிருந்த தாவீது கத்தியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். "மேடம், இத்த வந்து பாருங்க. கிட்னி பூரா வெள்ளை வெள்ளையா கீது."

சவ்வை உரித்தேன். எல்லாம் சாம்பல் வெள்ளைப் புள்ளிகள். கையுறையோடு அழுத்தினால் எனக்கு ஒன்றும் பிடிபடாது. வழக்கம்போல அதைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினேன். வெட்டிப் பார்க்கையில் கத்தி விரலிலும் பட்டது. சின்னக் கீறல்தான்.

அந்த மாட்டு இறைச்சி விற்பனைக்கு ஆகாது என்று கழித்துவிட்டு, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மனுஷனுக்கும் தொற்றும். தாவீதிடம், "கையுறை இல்லாம தொடாதீங்க" என்று உபதேசம் வேறு. எனக்கு யார் சொல்வது?

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு ரசம் வைத்தேன். "ஆபீஸ்ல இருந்து இப்படியா நனைஞ்சுண்டு வருவே?" என்றார் மாமியார். ஆபீஸ்! கல்யாணத்தின்போதே ஸ்ரீவத்சன் சொல்லிவிட்டான்: "மாட்டாஸ்பத்திரி ஆபீஸ்னு மட்டும் சொல்லு. கசாப்புன்னா அம்மா உன்னை அடுப்படிக்குள்ளயே விடமாட்டா."

நவம்பர் 6

கீறல் சிவந்திருக்கிறது.

நவம்பர் 12

காய்ச்சல். கண் சிவப்பு. கெண்டைக்காலைத் தொட முடியவில்லை. கெண்டைக்கால் — ஐயோ, எலிக்காய்ச்சல் பாடத்தில் படித்த அதே கெண்டைக்கால் வலி.

புனேயிலிருந்து ஸ்ரீவத்சன் போனில், "டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடு மிருது. ஆனா அம்மா பக்கத்துல இல்லாதப்போ சொல்லு" என்றான்.

நவம்பர் 13

அவன் அம்மா பக்கத்தைவிட்டு நகர்ந்தால்தானே! கிளினிக்கில் என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார் டாக்டர் ஜெரூஷா.

"ஆபீஸ்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மழைக்காய்ச்சல் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். படித்தவளா நான்? மாட்டுக்கு வந்த நோயைக் கண்டுபிடிக்கத் தெரிகிறது, எனக்கு வந்ததைச் சொல்லத் தெரியவில்லை. நாளைக்குப் போனில் சொல்லிவிடுவேன்.

நவம்பர் 14

சொல்லவில்லை. ஆய்வகத்திலிருந்து செய்தி வந்தது. எலிக்காய்ச்சலேதான்.

நவம்பர் 15

காலையிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், கண் மஞ்சள். மூடினால் அந்தக் கிட்னிதான் வருகிறது. என்னோடதும் இப்போ அப்படித்தான் புள்ளி புள்ளியா இருக்குமோ? பயமா இருக்கு. செத்துப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு.

அம்மா ஆட்டோ பிடிக்க வாசலுக்குப் போயிருக்கிறார். இந்தத் தடவை அவர் எதிரிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்வேனா?

நவம்பர் 20

ஆஸ்பத்திரி. இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

அன்றைக்கு டாக்டர் மறுபடி விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "இவ சொல்ல மாட்டா டாக்டர். மாடு வெட்டற எடத்துல அதோட கிட்னி, ஈரல் எல்லாம் அறுத்துப் பார்க்கற உத்யோகம். விரல்ல கீறல் இருக்கு, பாருங்கோ."

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அரை மணியில் ஊசி மருந்து ஏறியது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் டயாலிசிஸ்தான் என்றார்களாம்.

"எப்படித் தெரியும்மா?" என்று இன்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை விடியக்காலம் எந்த ஆபீஸ்டி திறக்கறான்? வந்ததும் வராததுமா தலைக்கு வேற குளிக்கறே. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வருஷமாச்சு."

"ஏம்மா கேக்கலை?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேட்டா நீ ஆமான்னுடுவே. அப்புறம் உன் கையால நான் எப்படிச் சாப்பிடறது?"

டிசம்பர் 9

வேலைக்குத் திரும்பினேன். கையுறையைக் கடைசிவரை கழற்றவில்லை. தாவீது சிரித்தார்.

வந்து குளித்துவிட்டு ரசம் வைத்தேன். அம்மா தட்டில் விட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார்.

"உப்பு போறலை" என்றார்.