ஊசியின் மேல் போட்ட பழி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் பெரிதாக நோவு ஒன்றும் இல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கொள்கிற அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ரெக்கார்டு பிளேயருக்கு நீ அனுப்பிய, ஊசி பொருத்தின புது கார்ட்ரிட்ஜ் போன வியாழக்கிழமை வந்தது. என் மானம் போன கதையை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா சொன்னால் இரண்டு பங்காகிவிடும். நாலு வயர், சிவப்பு வெள்ளை பச்சை நீலம், ஒவ்வொன்றும் தலைமுடி மாதிரி. மூக்குக்கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக ஒரு மதியம் பூராவும் மல்லுக்கட்டி நானே மாட்டினேன். தட்டைச் சுற்றவிட்டு, ஊசியை இறக்கிவைத்து, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா ஈரக்கையோடு வந்து, என்னங்க, தட்டு சுத்துது, பாட்டைக் காணோமே என்றாள். நல்ல ஊசியென்றால் முதலில் வருகிற அமைதிகூடச் சுத்தமாகத்தான் இருக்கும், உனக்கு அதெல்லாம் புரியாது என்றேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, ஊசியை மூடியிருந்த பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். என் முகத்தில் வழிந்த அசட்டைத் துடைக்க ஒரு துண்டு போதவில்லை.

மூடியில்லாமல் வைத்ததும் பாட்டு வந்தது. ஆனால் எனக்குப் பழையபடியேதான், கம்பளிக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. மாட்டியதில்தான் கோளாறு என்று கீழ்வீட்டு ரேடியோ ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டேன். எதைப் பிரித்தாலும் ஒரு ஸ்குரூ மிச்சம் வைப்பாரே, நீகூட ஸ்குரூ மாமா என்று பேர் வைத்தாயே, அவர்தான். ஊசி தட்டை அழுத்துகிற கனத்தைச் சரிபார்த்து, கோணத்தைப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அதிசயமாக உங்கள் கையில் மிச்சம் ஒன்றும் இல்லை என்றார். மறுபடி பாடவிட்டோம். அம்மா கதவோரம் நின்றவள், பாடுகிற அந்தம்மா வரிக்கு நடுவில் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது, பின்னால் சன்னமாக ஒரு மணி அடிக்கிறதே, இத்தனை வருஷம் இது எங்கே ஒளிந்திருந்தது என்றாள். மாமாவும் ஆமாம் என்றார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன், அதற்குள் பாட்டே முடிந்திருந்தது. அப்புறம் அவர் பழைய ஊசியை லென்ஸில் வைத்துப் பார்த்தார். இதற்கு என்ன கேடு, இன்னும் இரண்டு வருஷம் தாராளமாக ஓடுமே என்றார். எழுந்துபோய் என் முதுகுப் பக்கம் நின்று என்னமோ கேட்டாராம். நான் திரும்பவில்லையாம். முன்னால் வந்து என் தோளில் கைவைத்து, நீங்க மாத்த வேண்டியது ஊசியை இல்லண்ணே என்றார்.

காது டாக்டரிடம் நேற்றுப் போய்வந்தேன். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, விசில் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் குத்துமதிப்பாக அமுக்கினேன், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை எழுதினது போலத்தான், மார்க்கும் அப்படியே வந்தது. முப்பத்தொரு வருஷம் அட்டைப்பெட்டி வெட்டுகிற மெஷின் பக்கத்தில் நின்றதற்கு இது குறைச்சல்தான் என்றார் டாக்டர். மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டதாம், கருவி வைத்தால் பேச்சு பிடிபடுமாம். வேலையிலும் என்னை மெஷினை விட்டு எடுத்து, கட்டுக் கட்டுகிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். மெஷினின் பேரிங் கீச்சிட்டுக் கீச்சிட்டுக் கருகிப்போனது, நான் பக்கத்திலேயே நின்று விசிலடித்துக்கொண்டிருந்தேனாம். உட்கார்ந்து செய்கிற வேலைதான், ஆனாலும் சாயந்திரம் வந்தால் சட்டையைக் கழற்றக்கூட அலுப்பாக இருக்கிறது. உன்னிடம் ஊசி தேய்ந்துவிட்டது, ஊசி தேய்ந்துவிட்டது என்று மூன்று மாதம் புலம்பி வாங்க வைத்துவிட்டேன், அதை மன்னித்துவிடு. அம்மா தினமும் அந்த மணியைக் கேட்கிறாள், அந்த மட்டுக்கு வீண்போகவில்லை.

இனி முக்கியமான விஷயம். அங்கேயே இன்னும் ஐந்து வருஷத்துக்கு வேலை தருகிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று போன மாதம் போனில் கேட்டாய். தாராளமாகச் செய்ம்மா என்றேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு அளந்துதான் பேசுகிறாள். நீங்கள் கொஞ்சம் தயங்கியிருந்தால் அவள் வந்திருப்பாள், ஒரே வார்த்தையில் அனுப்பிவைத்துவிட்டீர்களே, உங்களுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள். பிள்ளை முன்னுக்கு வரட்டும் என்று கெத்தாகச் சொல்லிவிட்டு, தூசியே இல்லாத தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட இந்த மாதக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறதாமே, இந்தக் கடிதம் அதற்குள் உன் கைக்கு வந்துவிடும். அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேள், ஆனால் எழுதிக் கேள். பதில் மாறும் என்று நான் சொல்லவில்லை. படித்துப் பார்த்துச் சொன்ன பதிலாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, அனுபவசாலி சொல்கிறேன். நீ எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இரு. அம்மாவிடம் இதுவரை வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று இருக்கிறது, உனக்கு மட்டும் எழுதுகிறேன். அன்றைக்கு நீ கேட்டது எதுவும் என் காதில் விழவில்லை, என்ன கேட்டாய் என்பதே அப்புறம் அம்மா சண்டை போட்டபோதுதான் தெரிந்தது. உன் குரல் சந்தோஷமாக இருந்த மாதிரி பட்டது, அதற்குத்தான் சரி என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா