மச்சான் வாங்கிய கிளப்

செஷயர்
12 ஜூன் 1983

அன்புள்ள தம்பி நெவிலுக்கு,

நலமா என்று கேட்கக்கூடக் கோபம் விடவில்லை. நீ கோச்சாக இருந்த ப்ரான்டில் கால்பந்துக் கிளப்பை இழுத்து மூடிய சேதியை நான் பேப்பரில்தான் படிக்க வேண்டுமா? ஏலக்காரர்கள் கேட்டைப் பூட்டியபோது பயிற்சியாளரின் பூட்ஸ் உள்ளேயே மாட்டிக்கொண்டது என்று எவனோ வேடிக்கையாக எழுதியிருக்கிறான். அது என் தம்பியின் பூட்ஸ். ஒரு போன் போட உனக்கு மனசு வரவில்லை.

எத்தனை கிளப்தான் இப்படி? ஒருவன் சம்பளம் தரமாட்டான், இன்னொருவன் பஸ்ஸுக்கு டீசல் போடமாட்டான். அவர்களையே தேடிப் பிடித்துப் போகிறாய். கேட்டால், “நல்லா இருக்கிற கிளப்புக்கு யார் வேணா கோச்சா இருக்கலாம்க்கா” என்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மச்சான் ரெக், மார்ஸ்பி டவுன் கிளப்பை வாங்கியிருக்கிறார். ஆமாம், கட்டடம் கட்டும் என் ரெக்தான். பந்தை நேராக உதைக்கத் தெரியாது, கிளப் வாங்கிவிட்டார். அதுவும் கடனில் கிடந்த கிளப்தான். “உன் தம்பியக் கூப்பிடு, நம்ம ஆளு இருந்தா நல்லது” என்று அவரே சொன்னார். இந்தத் தடவை முதலாளி அந்நியன் இல்லை. மறுக்காமல் போ.

குளிரில் தலையைத் துவட்டாமல் நிற்காதே.

அன்புடன்,
அக்கா டோரீன்


மார்ஸ்பி
28 ஆகஸ்ட் 1983

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்தேன். மீன் வறுவல் கடைக்கு மேல் அறை. சட்டை, தலையணை எல்லாம் எண்ணெய் வாசனை. பூனைகள் என் பின்னாலேயே வருகின்றன.

முதல் நாள் ஆட்டக்காரர்களை உட்காரவைத்துப் பேசினேன். கேப்டன் டங்கன் கிளாஸ்கோக்காரன், கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. “போன ஓனரும் நெஞ்சுல கைவெச்சுத்தான் பேசினான் கோச். இவரு யாரு?” என்றான்.

“எங்க அக்கா வீட்டுக்காரரு.”

“அப்ப சம்பளம் வரலேன்னா உங்க அக்கா வீட்டு வாசல்ல போய் உக்காந்துடலாம்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “இது என் குடும்பம்டா, நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் எந்தக் கிளப்பிலும் நான் சொல்லாத வார்த்தை அது.

மச்சான் புது ஜெர்ஸி அனுப்பியிருக்கிறார். முதல் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டோம். அவருக்கு என் நன்றியைச் சொல்.

உன் தம்பி,
நெவ்


மார்ஸ்பி
20 நவம்பர் 1983

அக்கா,

போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

சுடுதண்ணீர் நின்று மூன்று வாரம் ஆகிறது. பையன்கள் சேறும் சகதியுமாகவே பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். துணி துவைக்கும் ஹில்டா ஜெர்ஸிகளைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய்ச் சொந்த சோப்பில் துவைத்து, தன் கொல்லையில் காயவைக்கிறாள். சம்பளம் போன மாதத்தோடு சரி. கோல்கீப்பரின் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். ரெக் ஆபீசுக்குப் போன் செய்தால், “சார் வெளிய போயிருக்காரு” என்கிறாள் அந்தப் பெண். பின்னால் அவர் இருமுவது எனக்குக் கேட்கிறது!

வியாழக்கிழமை பயிற்சி நடுவில் மூன்று பேர் கோடு போட்ட கம்பும் அளவு நாடாவுமாக வந்து கோல் அருகே முளை அடித்தார்கள். டங்கன் போய், “என்னய்யா, பெனால்டி இடத்தைச் சரிபாக்கறீங்களா?” என்று கேட்டான்.

“இல்ல சார். இங்க சமையக்கட்டு வரும்” என்றான் ஒருவன், சர்வ சாதாரணமாக.

டங்கன் முளையைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, “உங்க குடும்பத்து முளை, நீங்களே வெச்சுக்குங்க” என்றான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

உன் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல். வீடு கட்டி விற்கத்தான் கிளப்பை வாங்கினாரா?

நெவ்


செஷயர்
27 நவம்பர் 1983

நெவ்,

கேட்டேன். சாக்கடைக் குழாய் போட அளந்தார்களாம். எதையும் முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் குதிப்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

ஒவ்வொரு கிளப்பும் மூழ்கும்போது நீ வந்து படுத்தது யார் வீட்டு மாடி அறையில்? ஒரு நாளாவது ரெக் முகம் சுளித்திருப்பாரா? போன குளிர்காலத்தில் தன் கோட்டையே உனக்குக் கொடுத்து அனுப்பினார். அந்த மனுஷனைத் திருடன் என்று நீ எழுத, நான் உட்கார்ந்து படிக்க வேண்டும்! வியாபாரத்தில் பணம் முன்னே பின்னே வரும். பையன்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

கிறிஸ்துமஸுக்கு வா. வந்து இந்தப் பேச்சை எடுக்காதே.

டோரீன்


மார்ஸ்பி
10 ஜனவரி 1984

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

கோப்பைப் போட்டியில் முதல் டிவிஷன் அணி ஒன்று எங்கள் மைதானத்துக்கு ஆட வரும் என்று சீட்டு விழுந்தது உனக்குத் தெரியும். ஊரே திரண்டு வரும் ஆட்டம். அதற்கு முன் உன் புருஷன் வந்தான். உடைமாற்றும் அறைக்கு வெளியே என் தோளில் கைபோட்டு, “சனிக்கிழமை வரைக்கும் பசங்களைச் சமாளி. திங்கக்கிழமை சம்பளம்னு சொல்லு” என்றான்.

“திங்கக்கிழமை வருமா?”

“சொல்லுன்னுதான் சொன்னேன். வரும்னா சொன்னேன்?”

அப்புறம் தானாகவே சொன்னான். மைதானம் உன் பேரில் இருக்கிறதாம். நீ கையெழுத்துப் போட்டதும் வசந்த காலத்தில் கடைக்கால் தோண்டப் போகிறானாம். மாமியார் வீட்டு விருந்தைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினான்.

நான் உள்ளே போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். “சம்பளம் வராது. ஆட வேண்டாம்னா இப்பவே கிளம்புங்க, உங்க பக்கம் நான் நிக்கிறேன்.” கடைசியில் டங்கன்தான் எழுந்தான். “அந்தாளுக்காக ஆடல. டிக்கெட் வாங்கினவன் என்னடா பண்ணான்?” என்று பூட்ஸை மாட்டினான். சனிக்கிழமை ஒரே ஒரு கோலில் தோற்றோம். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், எங்களுக்கு. வசூல் முழுவதும் உன் வீட்டுக்கு வந்தது.

திங்கட்கிழமை சம்பளம் வரவில்லை, என்னை வேலையிலிருந்து நீக்கிய சேதி வந்தது.

கையெழுத்துப் போடாதே. போட்டால் எனக்கு அக்கா என்று யாரும் இல்லை.

நெவில்


செஷயர்
19 பிப்ரவரி 1984

நெவில்,

உன் கடிதத்தைப் படித்த அன்று கிழிக்க எடுத்தேன். கிழிக்கவில்லை. அதற்காக ஆறிவிட்டேன் என்று நினைக்காதே.

மைதானத்தை வாங்கியபோது, “வரிக்காக உன் பேர்ல போடறேன்” என்றார். அதோடு நானும் அதை மறந்தேன். இப்போது அவர் பேனாவை நீட்டுகிறார், நீ கையைப் பிடிக்கிறாய். அதைப் போய்ப் பார்த்தாயா, உனக்கு என்ன தோன்றுகிறது என்று இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவராவது கேட்டீர்களா?

நானே போனேன். யாரிடமும் சொல்லவில்லை, ரயிலேறிப் போனேன். டிக்கெட் வாங்கிக் கூட்டத்தோடு நின்று ஆட்டம் பார்த்தேன். நீ இல்லாமல் டங்கனே கத்திக்கத்தி ஆட்டத்தை நடத்தினான். பக்கத்தில் நின்ற பெண் ஃபிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றித் தந்தாள். அவள்தான் உன் ஹில்டா. என்னை யாரென்று தெரியாது. “அந்தாளு பொண்டாட்டி பேர்ல இருக்காம் இந்த எடம். நாம துவைக்கிறோம், அவ விக்கிறா. மகராசி!” என்று என்னிடமே சொன்னாள். டீயைக் குடித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து ரெக்கிடம் கையெழுத்து இல்லை என்றேன். “உன் தம்பி பேச்சக் கேட்டு என் தலையில மண்ணப் போடறியா?” என்றார். “அந்தப் பசங்க தலையில வீடே கட்டப் பாத்தீங்களே” என்றேன். முப்பது வருடத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். இப்போது அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார்.

மைதானத்தை மார்ஸ்பி ஜனங்களுக்கே நீண்ட குத்தகைக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். இடம் போனதும் ரெக்குக்குக் கிளப் எதற்கு? அவர்களிடமே தள்ளிவிட்டார். கிளப்பை நடத்தக் கடைவீதியில் வாளி ஏந்தி வசூல் செய்கிறார்களாம்.

இதை உனக்காகச் செய்யவில்லை. எனக்கு அக்கா இல்லை என்று எழுதினாயே, அதை எழுதிய கையோடு ஈஸ்டருக்கு இங்கே வராதே.

டோரீன்


மார்ஸ்பி
13 மே 1984

அன்புள்ள அக்கா,

இந்தச் சொல்லை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஊர்க்காரர்களின் புதுக் கமிட்டி என்னைத் திரும்பக் கூப்பிடும் என்று பெட்டியைக்கூடக் கட்டாமல் இருந்தேன். கூப்பிடவில்லை. டங்கனையே கோச்சாகப் போட்டுவிட்டார்கள். அவனே அறைக்கு வந்து சொன்னான். “நீங்க நல்லவருதான் கோச். ஆனா ‘என் குடும்பம், நான் பொறுப்பு’ன்னு சொன்னீங்க. அத நம்பித்தான் கோல்கீப்பர் வேற கிளப் கூப்பிட்டும் போகல. குழந்தை பொறந்தப்ப கடன் வாங்கினான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னவன் நான், வேலை போனவன் நான், எனக்கே தண்டனையா என்று கத்தினேன். இன்னும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் கோல்கீப்பர் முகத்தைப் பார்த்து ‘எனக்கே தண்டனையா’ என்று கேட்க என்னால் முடியாது. அதுவும் உண்மை.

கடைசி ஆட்டத்துக்குக் காசு கொடுத்து உள்ளே போனேன். நான் விட்டுவந்த கிளப் எதுவும் அதற்குப் பிறகு ஆடி நான் பார்த்ததில்லை. இது ஆடியது. மோசமாகத்தான் ஆடியது.

ஜனவரியில் நான் எழுதிய அந்த வரி திமிர். உன்னை மிரட்டினேன், ரெக் மாதிரியே. மன்னித்துவிடு.

நெவ்


செஷயர்
20 மே 1984

நெவ்,

உன்னை மன்னிக்க எனக்கு நேரமில்லை. மார்ஸ்பிக்காரர்கள் வாரம் ஒரு கடிதம் போடுகிறார்கள். மேற்குப் பக்கக் கூரை ஒழுகுகிறதாம், மைதானக்காரி நான்தான் பார்க்க வேண்டுமாம். ஹில்டா ஒருபடி மேலே போய், கொதிகலன் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறாள். “மகராசி” என்றே ஆரம்பித்திருக்கிறாள், இந்தத் தடவை மரியாதையாக. என்ன அநியாயம் பார்த்தாயா? கிளப் வைத்திருப்பவர்களை இத்தனை வருடம் திட்டினாயே, அவர்கள் படும் பாட்டை ஒரு வார்த்தை சொன்னாயா?

ரெக் வந்து போகிறார். இன்னும் தங்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வா. கூரைக்கு என்ன பதில் எழுதுவது என்று உட்கார்ந்து யோசிப்போம். மாடி அறையில் படுக்கை போட்டு வைக்கிறேன்.

அக்கா